மண்புழு வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மண்புழு மனிதரோடு பேசும். மண்ணுக்குள் அது போனதே இல்லை. மரங்கள் உதிர்த்த சருகுக்கு அடியில், மேலாகவே குடியிருந்தது.

காத்தாயி என்பவளின் கத்தரித் தோட்டத்திலும் ஒரு புழுக்கூட்டம் இருந்தது. "இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம் காத்தாயி, ஈரம் கிடக்கிறது" என்று பெரிய புழு சொல்லும். அவளும் அதைக் கேட்டுத்தான் பாத்திக்குத் தண்ணீர் விடுவாள்.

ஒருநாள் அவள் மகள் செவந்தியைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. ஒத்தாசைக்கு வந்த நாத்தனார் தோட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"என்ன மதினி, ஒரே குப்பையாகக் கிடக்கிறதே! வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

காத்தாயிக்கு வெட்கமாகப் போயிற்று. விளக்குமாற்றை எடுத்தாள்.

"எங்கள் கூரையைப் பிரிக்காதே" என்றது பெரிய புழு. "வெயிலை நாங்கள் தாங்க மாட்டோம். மண்ணும் தாங்காது."

"இன்று ஒரு பொழுதுதான். நீங்கள் வாழையடிக்குப் போய் இருங்கள்."

"எங்கள் குஞ்சுகளால் அவ்வளவு தூரம் ஊர முடியாதே, காத்தாயி!"

அவள் நின்று கேட்கவில்லை. கூட்டிக் குவித்தாள். குவியலும் கண்ணை உறுத்தவே, தன் கையாலேயே தீ வைத்தாள். குஞ்சுகள் அதற்குள் இருந்தன.

வந்தவர்கள் தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பானகம் குடித்தார்கள், சம்மதம் சொன்னார்கள், போனார்கள்.

செவந்தி புருஷன் வீடு போய்ச் சேர்ந்தாள். இங்கே பாத்தி பாளம் பாளமாக வெடித்தது. கத்தரி பிஞ்சிலேயே வெம்பியது. காத்தாயி கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. களைக்கொத்தால் தோண்டத் தோண்ட, வெகு ஆழத்தில் பெரிய புழு சுருண்டு கிடந்தது.

"தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நீ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை" என்று அழுதாள். "ஏதாவது பேசு. திட்டவாவது செய்."

புழு இன்னும் ஆழத்துக்கு இறங்கிப் போய்விட்டது.

காத்தாயி புளியந்தோப்பிலிருந்து கூடை கூடையாகச் சருகு சுமந்து வந்து பாத்தியை மூடினாள். மழை பெய்தது. வெடிப்பு மூடிக்கொண்டது, செடி பூத்தது. ஆளரவம் இல்லாத நேரத்தில் புழுக்கள் மேலே வந்து சருகைத் தின்றுவிட்டுப் போயின. ஒரு சொல்லுக்காக அவள் சாகும்வரை பாத்தியோரம் காத்திருந்தாள். அது கிடைக்கவில்லை.

அன்று முதல்தான் செடியடியில் சருகு பரப்பி மூடாக்குப் போடும் வழக்கம் வந்தது. மூடாக்குப் போட்ட இடத்துக்கெல்லாம் மண்புழு வருகிறது, மண்ணைப் பொலபொலப்பாக்குகிறது. மனிதரோடு மட்டும் பேசுவதில்லை.