நாச்சிமுத்து பெருக்கிய ஆறு

"ஏனுங்கம்மா, இந்த மீனுகளுக்கு நன்றியே இல்லீங்க."

வந்ததும் வராததுமாக நாச்சிமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார்.

குருவான வேலாத்தாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானம் தேடி இந்த மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்த அன்றும் பையில் ஒரு பினாயில் புட்டி இருந்தது.

"உக்காருங்கய்யா. மீனு என்ன பண்ணுச்சு?"

"இருக்க மாட்டேங்குதுங்க."

மடத்தையொட்டி ஓடும் ஆற்றில் பொம்மீன் என்று ஒரு மீன் உண்டு. கை நீளம் வளரும். செதில் ஒவ்வொன்றும் சின்ன அப்பளம் போல இருக்கும். ஒருகாலத்தில் ஆறு நிறைய இருந்ததாம். இப்போது மிஞ்சியவை சில கிழட்டு மீன்கள். அவற்றைக் காத்து, குஞ்சு தங்குகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் நாச்சிமுத்துவுக்கு அம்மா கொடுத்த வேலை. தியானம் சொல்லித் தருவார்கள் என்று வந்தால் மீன் எண்ணச் சொல்கிறார்களே என்று முதலில் முணுமுணுத்தார். பிறகு அந்த மீன்கள் மேல் உயிரையே வைத்துவிட்டார்.

"முட்டை பொரிக்குதுங்க. கூழாங்கல்லுப் பக்கம் குஞ்சுக மினுமினுன்னு ஓடுது, நானே பாத்தேன். ரெண்டு நாள் கழிச்சுப் போனா ஒண்ணையுங் காணோம். நீர்க்காக்கா தின்னது பாதி, தண்ணி அடிச்சுட்டுப் போனது பாதி. இந்தக் கிழடுகளும் போயிருச்சுன்னா வம்சமே அத்துப் போயிருமுங்க."

மனிதர் நிஜமாகவே அழுதுவிடுவார் போலிருந்தது.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன செய்யலீங்க? ஆத்துக்குள்ள விழுந்து கெடந்த மரத்தையெல்லாம் இழுத்துப் போட்டு வெறகாக்கி எரிச்சுட்டேன். அழுகின கிளை, வேரு, சருகு ஒண்ணு விடலீங்க. சீமாறு போட்டுத் தேய்க்காத கல்லு கிடையாது. ஆஸ்பத்திரி தரை கெட்டுது போங்க! இவ்வளவு சுத்தம் பண்ணியும் தங்க மாட்டேன்னா, என்னங்க கொழுப்பு!"

அம்மா கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"ஐயா, இன்னைக்கு உங்க குடிசைய நான் சுத்தம் பண்றேன்."

நாச்சிமுத்து பதறிப்போனார். "ஐயோ, நீங்க போயி..." என்று இழுத்தார். ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்தப் பாக்கியம் எந்தச் சீடனுக்குக் கிடைக்கும்? பழைய துடைப்பம் குருவின் கைக்கு லாயக்கில்லை என்று, புதிது வாங்கச் சந்தைக்கே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது குடிசையைக் காணோம்.

மூலைக்கு ஒன்றாக நான்கு கம்பங்கள் மட்டும் நின்றன. கூரை இல்லை, தட்டி இல்லை, கட்டில் இல்லை. நடுவே மண்தரை பளிச்சென்று பெருக்கியிருந்தது. எதிரே ஒரு கல்லில் அம்மா உட்கார்ந்து, குடிசை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுத்தம் எப்படிங்கய்யா?"

நாச்சிமுத்து புதுத் துடைப்பத்தோடு நாலு கம்பத்தையும் சுற்றிச் சுற்றி வந்தார். மழை தூற ஆரம்பித்தது. வழுக்கைத் தலையில் முதல் சொட்டு விழுந்ததும் நின்றார்.

"இதுல நான் எங்கீங்க தங்கறது?"

"அதத்தான் நானும் பாத்துட்டிருக்கேன். இன்னும் ஒருத்தரும் வந்து தங்கல."

"என் கட்டிலு எங்கீங்க?"

"ஆத்துல."

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். குருவாவது ஒன்றாவது என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓடினார். ஓய்வு பெற்ற பணத்தில் ஆசை ஆசையாக வாங்கிய, தேக்குச் சட்டம் போட்ட கயிற்றுக் கட்டில் அது.

கரையோரத்தில், முழங்கால் தண்ணீரில், கட்டில் கிடந்தது. மிதந்து போகாமலிருக்க மேலே கல் ஏற்றியிருந்தது. சுற்றிலும் கூரை மூங்கிலும் ஓலையும் தாறுமாறாகச் செருகியிருந்தன.

குனிந்து சட்டத்தைப் பிடித்தார். தூக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

கட்டிலுக்கு அடியில், கயிற்று நிழலில், விரல்நுனி அளவுக் குஞ்சுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு நீர்க்காகம் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தது. அதற்கு ஒன்றும் எட்டவில்லை.

நாச்சிமுத்து மெதுவாக, கட்டிலுக்கு வலிக்காமல், கையை எடுத்தார்.

மழை வலுத்தது. தொப்பலாக நனைந்தபடி கரையைப் பார்த்துக் கத்தினார்.

"அம்மோவ்! அந்த நாலு கம்பத்த மட்டும் எதுக்குங்க மிச்சம் வெச்சீங்க? புடுங்கிட்டு வாங்க!"