ஒரு கரண்டி நல்லெண்ணெய், ஒரு செம்பு நெய்

செக்காட்டும் காத்தாயி செய்த குற்றம் என்ன தெரியுமா? மருதங்குடி மன்னர் வீரபூபதிக்குச் சிம்மாசனப் படி நாலு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அவ்வளவுதான். அதற்காகக் காத்தாயியின் செக்குக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். பௌர்ணமிக்குள் ஊரைவிட்டே போக வேண்டும் என்று ஆணையும் எழுதினார்கள். அவள் ஆட்டிய நல்லெண்ணெய்தான் மன்னரின் உடம்பைக் கெடுத்ததாம்! சொன்னவர் ராஜவைத்தியர் தாண்டவராயர். பட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சொன்னால் எதுவும் சாஸ்திரம் ஆகிவிடும் அல்லவா?

அந்த ஆணையைச் சபையில் வாசிக்க வேண்டியவள் உலகம்மை. அரண்மனையில் ஓலை வாசிப்பது அவள் வேலை. பாதிதான் வாசித்தாள். மன்னரின் இலையில் என்னென்ன விழுகிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஓலையைச் சுருட்டினாள்.

"ஒரு சந்தேகம் மகாராஜா. சமையற்காரரைக் கேட்கலாமா?"

"கேள்."

தலைமைச் சமையற்காரர் பூவராகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மன்னருக்கு நல்லெண்ணெய் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்?"

"இட்லிப் பொடிக்கு ஒரு கரண்டி அம்மா."

"நெய்?"

"காலையில மட்டுமா, நாள் முழுக்கவா?"

"காலையில்."

"ஒரு செம்பு."

சபையில் யாரோ இருமினார்கள்.

"வடையும் அதிரசமும் எந்த எண்ணெயில் பொரிகின்றன?"

"தேர்த்திருவிழாவுக்குக் காய்ச்சினோமே, அதேதான். குறையக் குறைய மேல ஊத்திக்குவோம். கொஞ்சம் கறுத்திருக்கு. மத்தபடி ஆட்டுக்கொழுப்பு இல்லாம மகாராஜாவுக்குக் கறி இறங்காது."

தாண்டவராயர் முகம் சிவந்தது. சிவக்காதா பின்னே? 'ராஜதேகத்துக்கு நெய்யே பலம்' என்று பத்து வருஷமாக ஊற்றச் சொன்னவரே அவர்தான். மன்னரின் இலையில் கைவைக்கத் தைரியம் இல்லை. காத்தாயியின் செக்கில் வைக்கத் தைரியம் வந்துவிட்டது.

"பெண்ணே, ஓலை வாசிக்கிறவளுக்கு வைத்தியம் எதற்கு? நெய்யாவது எண்ணெயாவது! கொழுப்பு என்றால் எல்லாம் ஒன்றுதான்."

"எல்லாமா ஐயா?"

"எல்லாமே!"

"ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றலாமா?"

"தாராளமாக ஊற்று!"

"இதை எழுதிக்கொள்ளட்டுமா?"

"எழுது. கையெழுத்தும் போடுகிறேன்."

போட்டார். படித்தவர் அல்லவா!

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. மன்னர் இலையில் கைவைக்கும் முன்பு, அதே சாப்பாட்டை வைத்தியர் எல்லோர் கண்ணெதிரிலும் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். மத்தியானம் இலை போட்டார்கள். சுடச்சுட வெண்பொங்கல் வந்தது. தாண்டவராயர் நடுவே குழி பறித்துவிட்டு நெய்க்குக் காத்திருந்தார். அன்று செம்பு தூக்கி வந்தவள் உலகம்மை. குழி நிரம்பி வழிய ஊற்றினாள். அவர் ஆசையாய் ஒரு கவளம் உருட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். துள்ளி எழுந்தார்.

"ஆமணக்கெண்ணெய்! அடிப்பாவி!"

"கொழுப்புதானே ஐயா. உங்கள் கையெழுத்து இதோ இருக்கிறது. சீக்கிரம் சாப்பிடுங்கள், மன்னருக்குப் பசிக்கிறது."

"விளையாடுகிறாயா? இவ்வளவும் உள்ளே போனால் நான் நாளை முழுக்க வாய்க்கால் கரையிலேதான் குந்தியிருக்க வேண்டும்!"

"நெய் சாப்பிட்டால் அப்படி ஆவதில்லையே?"

"நெய் வேறு! இது வேறு! நல்லெண்ணெய் வேறு! ஒவ்வொன்றும் உடம்புக்குள்ளே ஒவ்வொரு வேலை செய்யும். இதுகூடவா உனக்குத் தெரியாது?"

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது.

"எனக்குத் தெரியும் ஐயா. உங்களுக்குத் தெரியுமா என்றுதான் பார்த்தேன்" என்றாள் உலகம்மை. மன்னரிடம் திரும்பினாள். "மகாராஜா, உங்கள் உடம்பில் ஏறியது செம்பு செம்பாய் இறங்கிய நெய். ஆட்டுக்கொழுப்பு. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்த எண்ணெய். ஒரு கரண்டி எண்ணெய் ஆட்டிக் கொடுத்தவளைத்தான் ஊரைவிட்டுத் துரத்துவீர்களா?"

மன்னர் சிரித்தார். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. உடனே காத்தாயியை வரவழைத்தார். செக்கின் முத்திரையை உடைக்கச் சொன்னார். மாட்டையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மன்னர்களுக்கு நிறுத்தத் தெரிந்தால் இந்தக் கதையே எதற்கு?

"அம்மா, உன் எண்ணெய் நல்லது என்று தெரிந்துவிட்டது. இனி நெய்க்குப் பதில் அதையே தினம் ஒரு குடம் அனுப்பிவிடு!"

உலகம்மை தலையில் அடித்துக்கொள்ளப் போனாள். காத்தாயி முந்திக்கொண்டாள்.

"குடமெல்லாம் கிடையாது ராசா. நல்லதுன்னாலும் குடக்கணக்குல இறங்கினா உடம்பு தாங்காது. ஒரு நாளைக்கு ஒரு கரண்டி. அதையும் அனுப்ப மாட்டேன். நீங்கதான் செக்கடிக்கு நடந்து வந்து வாங்கிக்கணும்."

"நடந்தா? நானா?" மன்னர் திகைத்துப் போனார். "ஏன், ஓர் ஆளை அனுப்பினால் ஆகாதா?"

"அனுப்புங்களேன் ராசா. நடந்து வந்த ஆளுக்கு உடம்பு இளைக்கும்."