கரிச்சான் இடியின் பிள்ளை அல்ல

பறவைகள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், பேச்சில் பாதி புரளியாகத்தான் இருந்தது. கரிச்சான் குருவியைப் பற்றிய புரளி அதில் பெரியது.

அதுவோ பயந்தாங்கொள்ளி. சருகு விழுந்தாலும் நெஞ்சு படபடக்கும். ஒருநாள் ஏரிக்கரைக் கருவேலமரத்தின் உச்சியில் அது உட்கார்ந்திருந்தபோது, வல்லூறு ஒன்று அடிக்கிளையை ஒட்டிப் பறந்து வந்தது. பார்த்ததுமே கரிச்சானுக்குக் கால் துவண்டுவிட்டது. பிடி நழுவி, நேராக வல்லூற்றின் முதுகிலேயே விழுந்தது. விட்டால் செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டு பிடரியை அலகால் கவ்வியது. முதுகில் என்ன ஏறியதென்று தெரியாமல் வல்லூறு அலறிக்கொண்டு முள்ளுக்குள் புகுந்து ஓடியது. முள்ளில் மாட்டிக் கரிச்சானின் வால் இரண்டாகக் கிழிந்ததுதான் மிச்சம்.

இதைப் பார்த்திருந்த மைனா மறுநாளே ஆரம்பித்தது. "இடி விழுந்த மரத்துல பொரிஞ்ச குஞ்சாம். அதான் அந்தக் கறுப்பு."

மாங்குயில் இன்னும் ஒரு படி மேலே போனது. "மின்னலை முழுங்கியிருக்கு. அது வயித்துக்குள்ள நிக்காம வெளியேறினதுலதான் வால் பொளந்துபோச்சு."

கரிச்சான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. "இடியுமில்லை, மின்னலுமில்லை. பயத்துல விழுந்தேன்."

"என்ன அடக்கம் பாருங்க" என்று எல்லாம் உருகிப்போயின.

புரளியை நம்பி ஒரு புறா அதே மரத்தில் கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது. "அண்ணன் இருக்கிற மரம். எனக்கென்ன கவலை" என்று குஞ்சுகளைத் தனியே விட்டுவிட்டு இரைக்குப் போய்விடும். கரிச்சானுக்குத் தூக்கமே போயிற்று. வல்லூறு திரும்பி வந்தால் இந்தக் குஞ்சுகள் என்ன ஆகும் என்ற ஒரே நினைப்பு. விடியுமுன்னே விழித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருக்கும்.

வல்லூறு வந்தது. புறா இல்லாத நேரம். வட்டமிட்டுத் தாழ்ந்து கூட்டை நோக்கி இறங்கியது. கரிச்சான் ஓடிவிடத்தான் சிறகை விரித்தது. கூட்டில் இரண்டு குஞ்சுகளும் தலையைத் தூக்கிக் கரிச்சானையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பயம் துளியும் இல்லை.

"மாமா, விரட்டப் போறீங்களா?" என்றது ஒன்று, வேடிக்கை பார்க்கிற ஆசையில்.

கரிச்சானுக்கு அழுகையே வந்துவிட்டது. இதுகளை விட்டு ஓடவும் மனம் வரவில்லை, அந்த நகத்துக்கு முன்னால் போய் நிற்கவும் தைரியம் இல்லை. நகமும் அலகும் எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் அதற்குத் தெரியும். ஏற்கெனவே உட்கார்ந்து பார்த்த இடம். கத்திக்கொண்டே பாய்ந்துபோய் வல்லூற்றின் முதுகில் விழுந்து பிடரியைக் கவ்வியது. ஏரியைத் தாண்டும்வரை விடவில்லை. விடப் பயமாக இருந்தது.

திரும்பி வந்தபோது புறா கூட்டில் இருந்தது. "இடியோட பிள்ளைன்னு சும்மாவா சொன்னாங்க" என்றது.

"பயமா இருந்துச்சு, தாயி. இப்பவும் இருக்கு."

புறா சிரித்துவிட்டு, மாங்குயிலுக்கும் பக்கத்துக் கிளையில் ஓர் இடம் பார்த்துக் கொடுத்தது.

அன்று முதல்தான் கரிச்சான் குடியிருக்கும் மரத்தில் புறாவும் மாங்குயிலும் நம்பிக் கூடு கட்டுகின்றன. அதுவும் தன்னைவிடப் பல மடங்கு பெரிய பறவையின் முதுகில் ஏறி விரட்டுகிறது. நாமும் வீரன் என்கிறோம். ஆனால் மற்ற பறவைகளுக்கெல்லாம் முன்னால், இருட்டிலேயே எழுந்து அது கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். இன்னும் அதற்குத் தூக்கம் வருவதில்லை.