பன்னிரண்டு வெள்ளைக் கிண்ணங்கள்

சடகோபன் பழைய இரும்பு வியாபாரம் பார்த்தவர். அவர் பேரம் பேச உட்கார்ந்தால் எதிராளி தண்ணீர் கேட்பான். ஐம்பத்திரண்டு வயதில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, புதுச்சேரியில் பீங்கான் செய்யக் கற்க வந்தார். ஆசிரியை பிலோமினாவுக்கு அப்போது முப்பது வயது.

நான்கு வருஷம் போயிற்று. சென்னைக் கலைக்கூடம் ஒன்றுக்கு அவர் அனுப்பிய கிண்ணங்கள் இரண்டாம் முறையும் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம்.

“கேளுங்க டீச்சர். ‘எல்லாம் பிலோமினா செய்தது போலவே இருக்கிறது. உங்களுடையதை அனுப்புங்கள். இதுவே கடைசி வாய்ப்பு.’ நாலு வருஷமா சக்கரத்துல உட்கார்ந்து இடுப்பு ஒடிஞ்சவன் நான். என்னோடது இல்லாம எவன் அப்பன் வீட்டுதாம்? என் கை எப்பத்தான் டீச்சர் தெரியும்?”

பிலோமினா சிரித்தார். “கோபத்தைக் கீழ வெச்சுட்டு கிளேஸ் முக்குங்கண்ணே.”

புதிதாகச் செய்து ஒருமுறை சுட்டெடுத்த பன்னிரண்டு கிண்ணங்களில் ஒன்றை அடியில் பிடித்து, பளபளப்பு தரும் வெள்ளைப் பூச்சுக் கரைசலில் முக்கி எடுத்தார் சடகோபன். விரல் பிடித்த இடத்தில் மட்டும் பூச்சு ஒட்டவில்லை. வழக்கம்போல அதை மூடத் தூரிகையைத் தேடினார். அது பிலோமினாவின் கொண்டையில் செருகியிருந்தது.

“குடுங்க.”

“இந்தச் சூளைக்குக் கிடையாது.”

“விரல் தடம் தெரியக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?”

“என் விரலுக்குச் சொன்னேன்.”

“பன்னிரண்டும் பாழாப் போயிடும் டீச்சர். சரி, பாதிக்கு மட்டும் மூடிக்கறேன்.”

“ஊஹூம்.”

“ரெண்டே ரெண்டு?”

“முக்குங்கண்ணே. கரைசல் அடியில தங்குது.”

திட்டிக்கொண்டே பன்னிரண்டையும் முக்கினார்.

சூளை ஆற இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் மூன்று தடவை மூடியில் கை வைத்து, மூன்று தடவையும் அதட்டல் வாங்கினார்.

திறந்ததும் முதல் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். பால் வெள்ளை. அடியோரம் செம்பழுப்பாக மூன்று விரல் தடங்கள். நடுத்தடம் மட்டும் குட்டை. இரும்பு வெட்டும் மெஷின் என்றோ நுனியைத் தின்றுவிட்ட விரல் அது.

அடுத்ததைக் கவிழ்த்தார். அதிலும் அப்படியே. பன்னிரண்டிலும் அப்படியே.

குட்டை விரலைத் தடத்தின் மேல் வைத்தார். சூட்டில் கிண்ணம் சுருங்கியதில் தடமும் சற்றுச் சிறுத்திருந்தது. ஆனாலும் விரலுக்கு அடையாளம் தெரிந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. முகத்தில் சிரிப்பு வந்தது.

அப்புறம் வியாபாரி விழித்துக்கொண்டார்.

“டீச்சர், இந்தக் குட்டையை மட்டும் கொஞ்சம் சரி பண்ணி, இன்னொரு தடவை சுட்டுடலாமா?”

“பண்ணலாம்ணே. பண்ணிட்டா, அது என்னோடது ஆயிடும்.”