பதினேழாவது புரோகிராமில் இருந்த தேன்மொழி

"நாப்பது புரோகிராமும் எழுதிட்டேன் மிஸ். ஒண்ணுகூட எனக்குத் தெரியாது."

செண்பகவல்லி இதைச் சொன்னபோது காலை பத்து மணி. அன்று மாலை நாலு மணிக்குள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கி வைத்தால்தான் திங்கட்கிழமை பரீட்சை. தவறினால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அவளுக்கு வயது முப்பத்தேழு. பன்னிரண்டு வருஷம் நூல் மில்லில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அரிசிக் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். படியேறும் இடத்தில் 'வேலை நிச்சயம்' என்று ஒரு பலகை தொங்கியது. என்ன வேலை என்று அதில் போடவில்லை.

பிரிசில்லா மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது. தன்னைவிட மூத்த மாணவியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"எழுதிட்டுத் தெரியாதுன்னா எப்பிடிக்கா?"

"நேத்து ஒரு கம்பெனிக்காரங்க இன்டர்வியூ வெச்சாங்கல்ல. வெள்ளைத்தாளைக் குடுத்து, அஞ்சு பாட மார்க்கைக் கூட்டுற புரோகிராம் எழுதச் சொன்னாங்க. நம்ம நோட்டுல பதினேழாவது. அச்சு அசலா எழுதி வெச்சிருக்கேன். தாளைப் பாத்ததும் கை ஓடலை. வெள்ளைத்தாளாவே திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

மிஸ் நோட்டை வாங்கி, பதினேழாவதைப் பிரித்தாள்.

வலது பக்கம் பேனாவில் புரோகிராம். இடது பக்கம் பென்சிலில் அவுட்புட், அதாவது அந்தப் புரோகிராமை ஓட்டினால் கம்ப்யூட்டர் காட்டும் விடை. அங்கே எல்லார் நோட்டும் அப்படித்தான் இருக்கும்.

பெயர்: தேன்மொழி.
மார்க்: 72, 68, 91, 85, 76.
மொத்தம்: 402.

"இந்தத் தேன்மொழி யாருக்கா?"

"யாரு கண்டா? நோட்டுல அப்பிடித்தான் இருந்துச்சு."

"எந்த நோட்டுல?"

செண்பகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிஸ் நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தாள்.

"தேன்மொழி யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. கையெழுத்துப் போடுறேன்."

படியிறங்கும்போது செண்பகவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்க வந்தவளை ஆள் தேட அனுப்புகிற கல்லூரி எங்கேயாவது உண்டா? காப்பி அடித்தது தப்பு என்றால் தப்பு என்று சொல்ல வேண்டியதுதானே. நாலு திட்டு திட்டினால்கூடச் சரி. இது என்ன விடுகதை?

ஆனாலும் போனாள். மில் வேலை இனித் திரும்பக் கிடைக்காது.

*

நசீமா ஒரு செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷம் படித்து முடித்தவள். செண்பகவல்லி பார்த்து எழுதியது அவளுடைய நோட்டைத்தான்.

"தேன்மொழியா? சத்தியமா தெரியாதுக்கா. எங்க பேட்ச்ல நாப்பத்தி ரெண்டு பேரு. நாப்பத்தி ரெண்டு நோட்டுலயும் தேன்மொழி இருந்தா. கிளாஸ்ல மட்டும் இல்லை."

"யாருன்னு நீ கேக்கலையா?"

"அது அவுட்புட்டுக்கா. அவுட்புட்டைப் போய் யாராச்சும் நீ யாருன்னு கேப்பாங்களா?"

"உனக்கு நோட்டு குடுத்தது யாரு?"

"எங்க பக்கத்து வீட்டு மங்கை. ஜவுளிக்கடையில பில் போடுதே, அதுதான். எதுக்குக்கா இந்த வெயில்ல அலையிறீங்க? மிஸ்ஸு முன்னாடி கொஞ்சம் அழுது காட்டுங்க, போட்டுருவாங்க."

"அழுகை வரலைடி. ஆத்திரம்தான் வருது."

*

ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கம்ப்யூட்டர் படித்த பெண் என்றுதான் மங்கையை வேலைக்கு எடுத்திருந்தார்கள். துணியில் தொங்கும் சீட்டைச் சிவப்பு வெளிச்சத்தில் காட்டுவது வேலை. ஐந்து வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணி நேரம் பொறுத்துக்கக்கா. மேனேஜர் பாக்குறாரு."

செண்பகவல்லி ஸ்டூலில் உட்கார்ந்தாள். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நோட்டைப் பிரித்தாள்.

மில்லில் ஒவ்வொரு ஷிஃப்டும் நூல் உருளைகளை எண்ணி எழுதிப் பழகியவள். ஐந்து எண் வரிசையாக நின்றால் மனசு தானாகக் கூட்டிவிடும். எழுதும்போது ஏனோ அது நடக்கவில்லை. இப்போது நடந்தது.

முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

மறுபடி கூட்டினாள். அதேதான்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் கவுண்டருக்குப் போனாள்.

"மங்கை, இதைக் கால்குலேட்டர்ல தட்டிப் பாரேன்."

மங்கை தட்டினாள். 392. நோட்டைப் பார்த்தாள்.

"கால்குலேட்டர் கெட்டுப்போச்சுக்கா. இது கம்ப்யூட்டர் போட்ட கணக்குல்ல?"

பக்கத்துக் கவுண்டரில் இருந்த கால்குலேட்டரும் அதே மாதிரி கெட்டுப்போயிருந்தது.

செண்பகவல்லி எண்களின் மேல் விரலை வைத்தாள். "ரெண்டு மேலே போக வேண்டிய எடத்துல மூணு போயிருக்கு. இது மனுசங்க கையால கூட்டுறப்ப விடுற தப்புடி. இதை எவளும் கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கலை."

"ஓட்டலையா? அப்ப நாங்க எழுதுனதெல்லாம்?"

"நீ யாரு நோட்டைப் பாத்து எழுதுன?"

மங்கை சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்க மிஸ்ஸு நோட்டைத்தான்க்கா. அப்ப அது மிஸ் இல்லை. எனக்கு முந்துன பேட்ச்."

*

திரும்பி வந்தபோது மணி மூன்றரை. மற்றவர்களுடைய நோட்டுகள் மேஜைமேல் கட்டாக இருந்தன.

"நீங்கதானா மிஸ்?"

"நான்தான்க்கா."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைய அலைய விட்டீங்களா?"

"ஆமா."

"ஆமான்னா ஆச்சா? நாங்க காப்பி அடிச்சோம், ஒத்துக்குறேன். டிக் போட்டது யாரு? நாலு வருஷமா சிவப்பு மையில நீங்கதானே போடுறீங்க? ஒரு தடவை கூட்டிப் பாத்தா என்ன?"

"கூட்ட வேண்டியதில்லைக்கா. தப்புன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா வாயைத் திறந்து சொல்லணும்."

"யாராச்சும் வந்து கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன்."

"கேக்காட்டி? எழுது, எழுதுன்னு தலையைத் தூக்க விடாம வெச்சிட்டு, ஒருத்தியும் கேக்கலைன்னு பழியை எங்க மேல போடுவீங்களா?"

மிஸ் மேஜைமேல் இருந்த நோட்டுக் கட்டை ஓரமாகத் தள்ளினாள்.

பிறகு செண்பகவல்லியே கேட்டாள். குரல் தணிந்திருந்தது.

"தேன்மொழி யாரு?"

"என் பெஞ்சுல, எனக்குப் பக்கத்துல உக்காந்தவ. அன்னைக்கும் இதே மாதிரி நாலு மணிக்கு நோட்டு வெக்கணும். எங்க ரெண்டு பேருக்கும் இந்த ஒரு புரோகிராம்தான் பாக்கி. அவ பத்தாம் வகுப்பு மார்க்கைப் போட்டு ஓட்டலாம்னு உக்காந்தோம். கரண்ட் போயிருச்சு."

"ம்."

"நான் கையால கூட்டி எழுதிட்டேன்."

"அவ?"

"ஓட்டிப் பாக்காம எப்பிடிடி எழுதுறதுன்னு கேட்டா. இடது பக்கத்தைக் காலியாவே வெச்சுக் குடுத்தா. அப்ப எங்களுக்குப் பாடம் எடுத்த சார் எனக்கு டிக் போட்டாரு. கூட்டிப் பாக்கலை. அவளுக்குப் போடலை. பரீட்சை எழுத விடலை."

"அப்புறம்?"

"இன்னும் ஆறு மாசம் அனுப்ப மாட்டோம்னு வீட்டுல சொல்லிட்டாங்க. அன்னைக்கு அந்தப் படியில இறங்கிப் போனவதான். இப்ப எங்க இருக்கான்னு எனக்கும் தெரியாது."

சுவர்க் கடிகாரத்தில் நாலுக்குப் பத்து நிமிஷம்.

மிஸ் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"402-ஐ அழிச்சிட்டு 392-ன்னு எழுதிக் குடுங்கக்கா. போட்டுடுறேன். என்னால நீங்களும் ஆறு மாசம் நிக்க வேணாம்."

செண்பகவல்லி ரப்பரை வாங்கினாள். 402-ஐ அழித்தாள்.

அப்புறம் ஐந்து மார்க்கையும் அழித்தாள். பெயர்மேல் வந்ததும் கை நின்றது. அதை மட்டும் விட்டாள்.

பக்கத்தைப் புரட்டிப் பதினாறாவது அவுட்புட்டை அழித்தாள். பதினைந்து. பதினாலு.

"என்னக்கா பண்றீங்க? மணி ஆகுது!"

செண்பகவல்லி நிமிரவில்லை. முதல் பக்கம் வரைக்கும் போனாள். பிறகு பதினெட்டில் தொடங்கி நாற்பது வரைக்கும். ரப்பர் துகளை ஊதித் தள்ளிவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போய் மூலையில் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"மிஸ், கரண்ட் இருக்கா?"

மிஸ் பேனாவை மூடினாள்.

"இருக்குக்கா," என்றாள். "அன்னைக்கும் வந்துச்சு. நாலே காலுக்கு."