எதிரே ஒரு நாற்காலி

ஈரோட்டில் ஒரு மாடி வீட்டின் பால்கனியில் ஓர் ஆலங்கன்று இருந்தது. சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய தட்டையான தொட்டியில் அதை நட்டு வைத்தவர் வீட்டுக்காரர் குழந்தைவேலு. போன்சாய் தொடங்க மாசி மாதம் நல்ல நேரம் என்று ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து மனிதருக்கு அதே நினைப்பு.

வெட்டினால் மரம் குட்டையாகும் என்பது வரைக்கும்தான் அவர் பார்த்திருந்தார். வெட்டிய பிறகு வளரவும் விட வேண்டும் என்று சொல்லும் முன்னால் விளம்பரம் வந்துவிட்டது. ஆகவே ஆபீஸ் விட்டு வந்ததும் கன்றுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவார். துளிர் ஒன்று தலைகாட்டினால் வெட்டுவார். கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியை அவிழ்த்து வேறு பக்கம் சுற்றுவார். வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பார். பிறகு, பாவம் என்று தண்ணீர் ஊற்றுவார்.

கத்தரிக்கோலுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டில் கலை என்றால் அது நான்தான் என்றது. நான் வளைக்காவிட்டால் இவன் வெறும் காட்டு மரம் என்றது கம்பி. கன்றுக்கோ உயிர் ஊசலாடியது. நாலு துளிரைக் காப்பாற்றிக்கொண்டால் பிழைத்துவிடும். அதற்குத்தான் வழியில்லை.

பக்கத்தில் பழைய பெயிண்ட் வாளியில் கறிவேப்பிலை தளதளவென்று நின்றது. குழந்தைவேலுவின் மனைவி பூங்கோதை தாளிக்கும்போதெல்லாம் வந்து ஒடித்துக்கொண்டு போவாள். கன்றுக்குப் பொறாமை. உன்னையும்தான் தினமும் ஒடிக்கிறார்கள், நீ மட்டும் எப்படி அக்கா இப்படி இருக்கிறாய் என்று கேட்டது.

"என்னை ஒடிக்கிறவளுக்கு அடுப்பில் எண்ணெய் காய்கிறது. ஒடித்த கையோடு போய்விடுவாள். உன் ஆள் உட்கார்ந்துவிடுகிறாரே" என்றது கறிவேப்பிலை. பிறகு குரலைத் தாழ்த்தியது. "இருக்கிற இலையை எல்லாம் உதிர்த்துவிடு. பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்."

கன்று பல்லைக் கடித்துக்கொண்டு உதிர்த்தது.

குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பார்த்துக்கிட்டேன், இப்படிப் பண்ணிருச்சே பூங்கோதை" என்று மனைவியிடம் புலம்பினார். தொட்டியை வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். கத்தரிக்கோல், நன்றிகெட்ட ஜென்மம் என்று திட்டிக்கொண்டே டிராயருக்குள் போயிற்று.

பங்குனி பிறந்ததும் கன்று நாலாபக்கமும் துளிர்த்தது. ஒரு லீவு நாள் காலையில் கறிவேப்பிலை ஒடிக்க வந்த பூங்கோதை அதைப் பார்த்துப் பூரித்துப் போனாள். கணவரைக் கூப்பிட வாயெடுத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள்.

நாற்காலி இப்போது ஹாலில் இருந்தது. பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கும் மகள் இலக்கியாவுக்கு எதிரே. அவள் பேனாவை எடுத்தால் என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தார். போட்ட கணக்கையே திரும்பப் போடச் சொன்னார். பிறகு, பாவம் என்று பால் ஆற்றிக் கொடுத்தார். பிள்ளை சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதுமில்லை.

பூங்கோதை வாளியை நகர்த்திக் கன்றை நன்றாக மறைத்து வைத்தாள். மத்தியானமே செடி விற்கும் நர்சரிக்குப் போய்வந்தாள்.

"ஏனுங்க, பால்கனிக்கு வாங்க. உங்களுக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேனுங்க" என்றாள்.

நாற்காலி பால்கனிக்குத் திரும்பியது. இலக்கியா எழுந்து வந்து சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

புதிதாக வந்த கன்றைக் கறிவேப்பிலை ஏற இறங்கப் பார்த்தது. ஊர், பேர் எதுவும் விசாரிக்கவில்லை.

"இலை உதிர்க்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டது.