சாம்பார் வாளியோடு விம்மிய ரோபோ

பூவாத்தூரில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் மாசிலாமணி, தெய்வசிகாமணி, ஏகாம்பரம் மூவரும் அண்ணன் தம்பிகள். சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். அவர்களிடம் இருந்த ஒரே குறை அதுதான்.

பந்தி பரிமாற ஒரு ரோபோ வாங்கினார்கள். கொண்டுவந்த இன்ஜினியர் கவுசல்யா அதன் முதுகிலிருந்த பட்டனைக் காட்டினாள்.

"இதைப் போட்டா இதுக்கு உணர்ச்சி வந்துடும். சந்தோஷம், துக்கம், எல்லாமே. போடறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க சார்."

அவள் போனதும் மூவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி யோசித்தார்கள்.

"யோசிச்சாச்சா?" என்றார் மூத்தவர் மாசிலாமணி.

"ஆச்சுண்ணே."

"என்ன யோசிச்சீங்க?"

"என்ன யோசிக்கணும்னு அந்தம்மா சொல்லலையே."

நியாயமாகத்தான் பட்டது. பட்டனைப் போட்டார்கள்.

மறுநாள் முகூர்த்தப் பந்தி. சாம்பார் வாளியோடு போன ரோபோ நட்டநடுவில் நின்றுவிட்டது.

"யாரோ என்னைத் தகர டப்பான்னு சொல்லிட்டாங்க," என்று விம்மியது.

இலைகளில் சோறு ஆறியது. சகோதரர்கள் கூடிப் பேசினார்கள்.

"ஆஃப் பண்ணிடலாமாண்ணே?" என்றார் ஏகாம்பரம்.

"அழுறவன் வாயைப் பொத்தறதா? பாவம்டா!" என்றார் மாசிலாமணி.

"மனசைக் குடுத்துட்டுத் திருப்பிக் கேட்டா நம்மள என்னன்னு நினைக்கும்?" என்றார் தெய்வசிகாமணி.

கவுசல்யாவுக்குப் போன் போட்டார்கள். "அதோட இடத்துல உங்களை வெச்சுப் பாருங்க சார், புரியும்," என்றாள்.

ரோபோவை நகர்த்திவிட்டு, அது நின்ற இடத்தில் மாசிலாமணி போய் நின்றார்.

"என்னண்ணே புரியுது?"

"இங்க ஃபேன் காத்து வரலடா."

மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நேரம் புழுக்கத்திலேயே நின்றிருக்கிறதே! ரோபோவை ஃபேனுக்கு அடியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் துண்டால் விசிறினார்கள்.

பெண்ணின் அப்பா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க வெறும் சோத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க! சாம்பார் எங்கய்யா?"

"மெதுவாப் பேசுங்க. அதுக்கு மனசு இருக்கு."

"அப்ப எனக்கு இல்லையா? அங்க பசியோட உக்காந்திருக்கறவங்களுக்கெல்லாம் இல்லையா?" அவர் குரல் உடைந்துவிட்டது.

ரோபோவுக்கு இரக்கம் பொங்கியது. "அழாதீங்கப்பா," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று பந்திக்குப் போனது. கடைசி இலை வரைக்கும் சாம்பார் விழுந்தது.

சகோதரர்கள் மட்டும் வெலவெலத்துப்போய் நின்றார்கள். ஏகாம்பரம் கவுசல்யாவுக்கு மறுபடி போன் போட்டார்.

"அம்மா, விஷயம் கைமீறிப் போயிடுச்சு. மண்டபத்துல இருக்கற அத்தனை பேருக்கும் உணர்ச்சி ஆன்ல இருக்காம். சத்தியமா நாங்க போடலம்மா!"